ஜிமிக்கிப் பூவுக்குக் காவல்

மார்ச் 3, திங்கள்

பதினொரு தொட்டியையும் முன் வராந்தாவுக்கு மாற்றியாயிற்று. ஜனவரியோடு நுனி கிள்ளுவதை நிறுத்திவிட்டேன், இனிமேல் கிள்ளினால் பூ தள்ளிப் போகும். மொட்டு வந்துவிட்டது. நர்சரிக்காரர்கள் இதை ஃபியூஷியா என்பார்கள். குன்னூரில் எங்கள் தெருவில் இது ஜிமிக்கிப் பூ. மேலே சிவப்பு, உள்ளே ஊதாப் பாவாடை, காதில் மாட்டிக்கொள்ளலாம் போலத் தொங்கும்.

காலனி சங்கத்தின் தொட்டிச் செடிப் போட்டி மே 17 அன்று. நான்கு வருஷமாகக் கோப்பை எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. ஐந்தாவது முறையும் ஜெயித்தால் திருப்பித் தர வேண்டியதில்லை, சொந்தமாகவே வைத்துக்கொள்ளலாம். தெருவில் யார் புதுச் செடி நட்டாலும் முதல் மண்ணை என்னைத்தான் தள்ளச் சொல்வார்கள். மரகதத்துக்குக் கை ராசி என்று பேர்.

என் வீட்டுக்காரர் இதிலெல்லாம் தலையிட மாட்டார். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டர். இரும்பு தெரியும், இலை தெரியாது. காலையில் நான் பூஜை அறையில் இருக்கும் முக்கால் மணி நேரமும் வராந்தாவில் செடிகளுக்கு நடுவில் பேப்பர் படிப்பார். ஒரு குவளை தண்ணீர் ஊற்றச் சொன்னால் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்.

மார்ச் 12, புதன்

முதல் பூ. மூன்றாம் தொட்டி.

கீழ் வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. சரிவில் கட்டிய வீடுகள் என்பதால் எங்கள் வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தால் அவர்கள் வாசல் தெரியும். அவர்கள் தெருவுக்குப் போக வேண்டுமானால் எங்கள் படி வழியாகத்தான் ஏற வேண்டும். வந்திருப்பவள் கோபிச்செட்டிபாளையத்துக்காரி, சுகுமாரி டீச்சர். ஓய்வு பெற்றவள். கணவன் இல்லை. ஐம்பத்தெட்டு என்கிறாள், பார்த்தால் ஐம்பது.

ஏறி வந்து நின்றாள். "ஏனுங்க அக்கா, இத்தனை பூவா! எனக்கும் ஆசைங்க. நாலஞ்சு தொட்டி வாங்கப் போறேன்."

"வாங்குங்க. ஆனா இது லேசுல வராது" என்றேன்.

"வருமுங்க அக்கா. தண்ணி ஊத்துனா வராதுங்களா?"

தண்ணி ஊத்துனா வருமாம்.

மார்ச் 21, வெள்ளி

டீச்சர் ஐந்து செடி வாங்கிவிட்டாள். பிளாஸ்டிக் வாளிகளில் நட்டு வெட்டவெளியில் வைத்திருக்கிறாள். மத்தியான வெயில் நேராக அடிக்கிறது. இந்தச் செடிக்குக் காலை வெயில் போதும், பதினோரு மணிக்கு மேல் நிழல் வேண்டும். வேர் சூடானால் போச்சு. நான் ஒவ்வொரு தொட்டியையும் பெரிய தொட்டிக்குள் இறக்கி நடுவில் தேங்காய் நார் அடைத்திருக்கிறேன். இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். அவள் கேட்கவில்லை. கேட்காமல் சொன்னால் மரியாதை இருக்காது.

மார்ச் 31, திங்கள்

அவருடைய கைக்குட்டையில் மறுபடியும் ஊதாக் கறை. ஒழுகுகிற பேனாவைத் தூக்கிப் போடுங்கள் என்று ஐந்து வருஷமாகச் சொல்கிறேன். "சரி சரி" என்பார். எதை எழுதுகிறாரோ! எலுமிச்சை போட்டுக் கசக்கியும் போகவில்லை.

சர்க்கரை டெஸ்ட் ரிசல்ட் வந்தது. பரவாயில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் டாக்டர் சொன்ன அன்றைக்கே சர்க்கரை டப்பாவைப் பூட்டினேன். வெல்லம், தேன், பேரீச்சை, மாம்பழம் எதுவும் கிடையாது. கல்யாண வீட்டில் பந்தியில் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் இலையிலிருந்து லட்டை எடுத்து என் இலையில் போட்டுவிடுவேன். மனுஷன் ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை. என்னால்தான் அவர் கால் விரல் பத்தும் பத்திரமாக இருக்கிறது.

ஏப்ரல் 4, வெள்ளி

திருட்டு நடக்கிறது. மூன்றாம் தொட்டியிலும் ஏழாம் தொட்டியிலும் நுனிக் காம்பு பிய்ந்து கிடக்கிறது. ஈரம் காயாத பச்சைக் காயம். யாரோ அவசரமாக இழுத்திருக்கிறார்கள். திருடி நட்ட செடிதான் தழைக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. இந்தப் படி வழியாகக் காலையில் பால் வாங்க ஏறி வருவது யார்? ஒருத்திதான்.

அவரிடம் சொன்னேன். "டீச்சர் அப்படிப்பட்டவங்க இல்ல மரகதம்" என்றார். மூன்று வாரத்தில் எப்படிப்பட்டவங்க என்று தெரிந்துவிட்டதா?

ஏப்ரல் 5, சனி

பிரம்பு நாற்காலியை வராந்தாவில் போட்டாயிற்று. இனிமேல் பூஜையும் அங்கேயே. விளக்கை மட்டும் உள்ளே ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்து ஸ்லோகம் சொல்வேன். கண் செடி மேல் இருக்கும்.

அவர் பேப்பரோடு வந்து என்னைப் பார்த்தார். நின்றார். "இங்கயா உக்காரப் போற?"

"ஆமா. போட்டி முடியற வரைக்கும்."

பேப்பரை இப்படியும் அப்படியும் புரட்டினார். ஐந்து நிமிஷத்தில் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

டீச்சர் வீட்டுக் குழாயில் வாஷர் போய்விட்டதாம். அவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு இறங்கினார். நம் வீட்டுப் பின்பக்கக் குழாய் தீபாவளியிலிருந்து சொட்டுகிறது.

ஏப்ரல் 11, வெள்ளி

பேப்பரைக் கீழே எடுத்துப் போய்ப் படிக்கிறார். கேட்டால், "அங்க வெளிச்சம் நல்லா இருக்கு." சூரியன் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் அவள் வீட்டுக்குப் போக வேண்டும்.

ஏப்ரல் 14, திங்கள், வருஷப் பிறப்பு

மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசம். பாயசத்தை சாமிக்கு வைத்துவிட்டு நான் குடித்தேன். பதினோரு மணிக்கு டீச்சர் ஒரு தூக்கில் பாயசம் கொண்டு வந்தாள்.

"அண்ணாவுக்குக் குடுங்கக்கா. நாட்டு வெல்லமுங்க."

"அவருக்குச் சர்க்கரை."

"அய்யோ, தெரியாதுங்களே! அண்ணா ஒண்ணும் சொல்லலையே."

அண்ணா என்கிறாள். அண்ணா என்று கூப்பிட்டுவிட்டால் என் வயிறு எரியாது என்று நினைக்கிறாள் போலிருக்கிறது. அவர் தூக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து போய்ச் செருப்பைத் துடைக்க ஆரம்பித்தார். பாயசம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. முழுவதையும் நானே குடித்தேன். சாயந்திரம் வரை நெஞ்சைக் கரித்தது.

ஏப்ரல் 18, வெள்ளி

ஒரு சந்தோஷம். இந்த வருஷம் என் செடிகள் காய்த்திருக்கின்றன! பூ உதிர்ந்த இடத்தில் பச்சைக் குமிழ், சிலது சிவந்து, இரண்டு நாவல் பழம் மாதிரிக் கறுத்தே விட்டன. இத்தனை வருஷத்தில் நான் பழுத்த காயைப் பார்த்ததே இல்லை. பச்சையாக ஒன்றிரண்டு தெரியும், அப்புறம் காணாமல் போகும், தானே உதிர்ந்துவிடுகிறது என்று இருந்தேன். பூத்த செடி காய்ப்பதைவிடப் பெரிய லட்சணம் வேறென்ன? நான் பக்கத்தில் உட்கார்ந்த ராசி.

ஏப்ரல் 24, வியாழன்

எண்ணினேன். பதினொரு தொட்டியில் நாற்பத்திரண்டு பூ. போன வருஷம் இதே வாரம் இருநூறுக்கு மேல். வெயில் அதிகம் என்று இரண்டு வேளை தண்ணீர் விட்டேன். தட்டில் நீர் தேங்காமல் வடித்தேன். கடலைப் புண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்துத் தெளிவை மட்டும் எடுத்து, ஒன்றுக்குப் பத்துத் தண்ணீர் கலந்து ஊற்றினேன். இலைக்கு அடியில் வெள்ளை ஈ இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் புரட்டினேன், இல்லை. இதற்கு மேல் நான் என்ன செய்ய வேண்டும்?

எட்டிப் பார்த்தேன். கீழே ஐந்து வாளியும் இலை தெரியாமல் பூத்து வழிகிறது. மொட்டை வெயிலில்! பிளாஸ்டிக் வாளியில்!

இதை எழுதிவிடுகிறேன், இது என் நோட்டுதானே. எனக்குப் பொறாமைதான். பூவுக்காக மட்டும் இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. உப்பு, மிளகாய், கடுகு மூன்றையும் எடுத்துப் பதினொரு தொட்டிக்கும் சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் நெடியே வரவில்லை. நெடி வராவிட்டால் திருஷ்டி பலம் என்று அர்த்தம். அவர் கீழே இருந்தார். அங்கிருந்து அவர் சிரிப்புக் கேட்டது. இந்த வீட்டில் அவர் கடைசியாக எப்போது சிரித்தார் என்று நினைத்துப் பார்த்தேன்.

மே 2, வெள்ளி

இருபது பூ. நர்சரிக்காரருக்குப் போன் போட்டேன்.

"காய் புடிச்சிருக்காம்மா?"

"நிறைய. நல்லாப் பழுத்திருக்கு."

"அதான் கோளாறு. காயை விட்டா செடி பூக்கறதை நிறுத்திரும். அதுக்கு வெதை போட்டாச்சு, வேலை முடிஞ்சுதுன்னு இருக்கும். தெனமும் கிள்ளிரணும்."

கோபம் வந்துவிட்டது. "நாலு வருஷமா நான் ஒரு காயும் கிள்ளினதில்லை. பூக்கலையா? கோப்பை வாங்கலையா?"

"அது எப்படின்னு எனக்குத் தெரியலம்மா" என்றார்.

பிஞ்சைக் கிள்ளச் சொல்கிறார். காய்த்ததைக் கிள்ளுகிற கை என்ன கை? போனை வைத்துவிட்டேன்.

மே 6, செவ்வாய்

கைக்குட்டையில் ஊதாக் கறை. நேற்றும் இருந்தது. பேனாவைத் தேடினேன். சட்டைப் பை, மேஜை, பழைய பெட்டி எல்லாம் பார்த்தாயிற்று. வீட்டில் இருப்பது ஒரே ஒரு பேனா. அது என்னுடையது, நீல மை.

அப்படியானால் கீழே போய் எழுதுகிறார். யாருக்கு எழுதுகிறார்? என்ன எழுதுகிறார்? அறுபத்தைந்து வயதில்!

ராத்திரி சாப்பாட்டில் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

மே 9, வெள்ளி

இன்று பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் பேப்பரோடு இறங்கியதும் நாற்காலியை விட்டு எழுந்து, செருப்பில்லாமல் போய்க் கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்றேன். வெட்கமாகத்தான் இருந்தது. கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம், இதுவரை நான் ஒட்டுக் கேட்டதில்லை.

டீச்சர் அவரோடு இல்லை. உள்ளே குக்கர் விசில் கேட்டது, அவள் குரலில் ஏதோ பாட்டும் கேட்டது. அவர் மட்டும் வாளிகளுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பேப்பர் மடியில் கிடந்தது. வாசலை ஒரு தடவை பார்த்தார். படியைப் பார்த்தார். கையை நீட்டி இலையை விலக்கி ஒரு காயைப் பறித்து வாயில் போட்டார். இன்னொன்று. பிறகு இன்னொன்று. கறுத்தது, சிவந்தது, பாதி பழுத்தது என்று ஒன்றையும் விடவில்லை. ஒரு வாளியை முடித்துவிட்டு ஸ்டூலை இழுத்துக்கொண்டு அடுத்த வாளிக்குப் போனார். கடைசியில் கைக்குட்டையை எடுத்து உதட்டையும் விரலையும் துடைத்துக்கொண்டார்.

நான் திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன். வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்கள். இங்கே அவர் பயிரை மேய்ந்ததால்தான் வேலியான எனக்கே பேர் கிடைத்திருக்கிறது. ஐந்து வருஷமாகச் சர்க்கரை இல்லை. நான்கு வருஷமாகக் கோப்பை. அதற்கு முன்னால் பத்து வருஷம் இதே செடியை வளர்த்தேன், ஆறுதல் பரிசு கூட வந்ததில்லை. எனக்கு எப்போதிலிருந்து கை ராசி வந்தது என்று இன்றைக்குத்தான் கணக்குப் போட்டேன்.

ஏழாம் தொட்டியிலிருந்து நன்றாகப் பழுத்த ஒன்றைப் பறித்து வாயில் போட்டேன். இனிப்பு என்று சொன்னால் இனிப்பு. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் மிளகுக் காரம், மிச்சமெல்லாம் தண்ணீர். இதற்காகவா? இந்தச் சப்பென்ற காய்க்காகவா ஒரு மனுஷன் திருடன் மாதிரி வாசலையும் படியையும் பார்த்தார்? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, வாரத்துக்கு ஒரு துண்டு மாம்பழம் தா என்று. ஏன் கேட்கவில்லை என்று யோசித்தேன். என்னிடம் அவருக்குப் பயம். 

கொஞ்ச நேரம் அழுதேன். குக்கர் நாலு விசில் வைத்துவிட்டது, எங்கள் வீட்டுக் குக்கர்தான்.

மே 10, சனி

காலையில் கிண்ணத்தோடு நின்றேன். நுனியில் மொட்டுகள் தயாராக இருக்கின்றன. இன்றைக்கே காய் முழுவதையும் கிள்ளிவிட்டால் ஒரு வாரத்தில் பாதியாவது விரியும். கோப்பைக்கு அது போதுமா என்று தெரியாது, போட்டியில் நிற்கவாவது முடியும்.

முதல் தொட்டியில் நாலு காய் கிள்ளினேன். அதற்குள் ஒரு யோசனை வந்தது. எல்லாவற்றையும் கிள்ளிவிட்டால் அவர் இங்கே எதற்கு வருவார்?

கிண்ணத்தை உள்ளே வைத்துவிட்டேன். நாற்காலியையும் உள்ளே போட்டுவிட்டேன். பூஜை அறையில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் கீழே போகும் செருப்புச் சத்தம் கேட்டது.

மே 12, திங்கள்

கீழே போனார்.

மே 13, செவ்வாய்

மூன்று படி இறங்கிவிட்டுத் திரும்பி வந்தார். "என்ன, இப்பல்லாம் வெளிய உக்காரலையா?"

"முட்டி வலி. உள்ளயே கும்பிட்டுக்கறேன். முக்கால் மணி நேரம் ஆகும், நடுவுல எழுந்து வர மாட்டேன்."

"செடிக்குக் காவல்?"

"யார் திருடப் போறா? நீங்கதான் சொன்னீங்களே."

தலையை ஆட்டினார். ஆனால் கீழேதான் போனார்.

ஸ்லோகத்தில் மனம் நிற்கவில்லை. பதினொரு தொட்டி நிறையப் பழம் வைத்துக்கொண்டு, வராத விருந்தாளிக்காக உட்கார்ந்திருக்கிறேன். அவள் பழம்தான் இனிக்கிறதோ என்னவோ.

மே 14, புதன்

செருப்புச் சத்தம் கேட்கவில்லை. வராந்தாவில் பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை. ஸ்டூல் தரையில் இழுபடுகிற சத்தம் ஒரு தடவை, கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை.

முக்கால் மணி நேரம் முடிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு கால் மணி நேரம் கொடுத்தேன். கதவைத் திறப்பதற்கு முன் மணியை ரொம்ப நேரம் ஆட்டினேன். வெளியே வந்தபோது முதல் நான்கு தொட்டியில் ஒரு காய் இல்லை. அவர் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

"டீச்சர் வீட்டுக்குப் போகலையா?" என்றேன்.

"அங்க ஒரே வெயிலு" என்றார். நாக்கு ஊதாவாக இருந்தது. நான் செடியைப் பார்த்துக்கொண்டேன்.

மே 17, சனி

கோப்பை கீழ் வீட்டுக்குப் போய்விட்டது. நடுவர்கள் என் தொட்டிகளைப் பார்த்து, "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டார்கள்.

டீச்சர் மேடையில் மைக்கைப் பிடித்து, "நான் ஒண்ணுமே பண்ணலைங்க, தண்ணிதான் ஊத்துனேன். எல்லாம் கை ராசிங்க" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார். நானும் தட்டினேன், கொஞ்சம் மெதுவாக. வயிறு எரிந்ததா என்றால் எரிந்தது. ஐந்தாவது முறையாக மைக்கில் நான் சொல்ல வைத்திருந்த வார்த்தை அது.

வீட்டுக்கு வரும் வழியில் அவர், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மரகதம்" என்றார்.

"நீங்க பாத்துக்கிட்டா சரி" என்றேன். அவர் வேகமாக நடந்தார்.

மே 25, ஞாயிறு

ஒரு துண்டு மாம்பழம். தராசில் வைத்து, ஐம்பது கிராம். டாக்டரிடம் போனில் கேட்டுக்கொண்டுதான். தட்டை அவர் முன்னால் வைத்தேன்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

தோல் வெள்ளையாகும் வரை சுரண்டிச் சாப்பிட்டார். முடித்துவிட்டு, "இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று பயந்துகொண்டே கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை என்று சொன்னேன்.

ஜூன் 11, புதன்

நூற்று எண்பது பூ. எண்ணுவதற்குள் அவர் வந்துவிட்டார், நான் உள்ளே போய்விட்டேன்.

பத்து மணிக்கு டீச்சர் ஏறி வந்தாள். முகம் வாடியிருந்தது.

"ஏனுங்க அக்கா, எனக்கு என்னமோ ஆயிப் போச்சுங்க. தண்ணி ஊத்துறேன், எரு போட்டேன், பூவே காணோம். காய் காயாப் புடிச்சுத் தொங்குது. கை ராசி போயிருச்சுங்களா?"

ஒரு நிமிஷம் ருசித்தேன், பொய் சொல்ல மாட்டேன். காய்ப்பது நல்ல லட்சணம் டீச்சர், அப்படியே விட்டுவிடுங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அவர் வராந்தாவில் பேப்பருக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அந்த அசையாமையைப் பார்த்ததும் மனசு இளகிவிட்டது.

"ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல. காயைக் கிள்ளிருங்க. விடியக்காலைல, ஒண்ணு விடாம."

"அவ்வளவுதானுங்களா! அப்ப அண்ணா சும்மாதானே இருக்கறாரு, காலைல கொஞ்சம் வந்து..."

"இல்ல டீச்சர்" என்றேன். "நீங்கதான் கிள்ளணும். உங்க கையாலதான். வேற யாரையும் கிட்ட விட்றாதீங்க."

பேப்பர் லேசாக ஆடியது.